டிஷ்வாஷர் ஓடி முடிஞ்சும் அடியில தண்ணி ஏன் நிக்குது? மெக்கானிக்கை எப்போ கூப்பிடணும்?

அழுக்குத் தண்ணிய வெளிய தள்ற சின்ன மோட்டாருக்குப் பேருதான் ட்ரெய்ன் பம்ப். தண்ணி நின்னா உடனே அந்த பம்ப் போச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா பல தடவை காரணம் அதுக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர்தான். டீ வடிகட்டியில தூள் அப்பிக்கிட்டா டீ சொட்டு சொட்டா இறங்குமில்ல, அதே கதைதான்.

முதல்ல ப்ளக்கை கழட்டிடுங்க. கீழ் ரேக்கை எடுத்துட்டு ஃபில்டரைத் திருகி எடுத்து பழைய டூத் பிரஷ் வச்சு கழுவுங்க. ஃபில்டர் இருந்த குழிக்குள்ள உடைஞ்ச கண்ணாடித் துண்டு கிடக்கலாம், கையை விடுறப்ப ஜாக்கிரதை, துண்டு பம்ப் விசிறியில மாட்டினா உர்ர்னு சத்தம் மட்டும் வரும் தண்ணி போகாது. அப்புறம் பின்னாடி தண்ணி வெளிய போற ஹோஸ் மடங்கியிருக்கான்னும் பாத்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் தண்ணி போகலைன்னாலோ, பம்ப் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தாலோ டெக்னீஷியனைக் கூப்பிட்டுடுங்க. நிறைய மாடல்ல அடித்தட்டுல ஒரு மிதவை இருக்கும், உள்ள எங்கயாவது லீக் ஆகி தட்டுல தண்ணி சேர்ந்தா அது மேல வந்து சுவிட்சை அமுக்கி பம்பை ஓட விடும். மெஷினைச் சாய்ச்சு தண்ணிய ஊத்திட்டா அப்போதைக்கு பம்ப் ஓடுறது நிக்கும், ஆனா லீக் அப்படியே இருக்கும், கரண்ட் பக்கத்துல தண்ணி, தயவுசெஞ்சு விளையாடாதீங்க.

அப்புறம், ஃபில்டருக்குக் கீழ கொஞ்சூண்டு தண்ணி எப்பவுமே நிக்கும், சீல் காயாம இருக்க அது வேணும், அது ரிப்பேர் இல்ல.