பி.எஸ்சி. கணிதம்: எருத்தேம்பதி அண்ணாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன சனிக்கிழமை மகளோடு வந்துவிட்டுப் போன பிறகு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நேரில் கேட்கத் தயங்கியதையெல்லாம் அதில் எழுதிவிட்டீர்கள். கள்ளுக்கு விட்ட தென்னை மரங்களை நம்பித்தான் படிக்க வைக்கிறேன், வாத்தியார் வேலையைத் தவிர மகள் சேர்ந்திருக்கும் பி.எஸ்சி. கணிதப் படிப்புக்கு வேறு கதி உண்டா, பேசாமல் இன்ஜினியரிங் சேர்த்திருக்கலாமோ என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. இங்கே கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால், அன்று நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் தோப்பைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, என் மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதை உங்கள் மகள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "மேடம், 500 யூனிட் வரைக்கும் படிப்படியாக ஏறுகிறது. 501 ஆனதும் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு யூனிட்டில் கோடு அறுந்து மேலே குதிக்கிறது" என்றாள். ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டும் காட்டினாள். கேரளத்தில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதம் சேர்த்துக் கணக்கெடுக்கிறார்கள். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் போடும் முறையே மாறிவிடும். பதினைந்து வருடமாக ரசீது கட்டும் எனக்கு இது தெரியும். ஆனால் அது ஒரு படமாகத் தெரிந்ததில்லை.

அந்தப் படத்தை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவளுக்குத் தேற்றங்களை நிறுவுவதைவிட, அன்றாட எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைத் தேடுவதில்தான் ஆசை. எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டதற்கும் யோசிக்காமல் நிகழ்தகவு என்றுதான் சொன்னாள். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கணிதத்தோடு இன்னொரு பாடம் கட்டாயம் வேண்டும். அது புள்ளியியல்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் ஒரு காரணம். நானும் கணிதப் பட்டதாரிதான். துணைப்பாடமாக இயற்பியல் எடுத்தேன். தோழிகள் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். பட்டம் வாங்கிய புதிதில் புள்ளியியல் பணி ஒன்றுக்கு எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்காக ரயிலேறிப் போனேன். மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர், "புள்ளியியல் எங்கே அம்மா?" என்று மட்டும் கேட்டார். கோபித்துக்கொள்ள வழியில்லை, அறிவிப்பில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். படிக்காதது என் தப்பு.

இன்றைக்கும் விதிகள் அப்படித்தான் இருக்கின்றன. மத்திய அரசுத் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். தனிக் கணிதம் போதாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். அதே தேர்வில் உள்ள புள்ளியியல் ஆய்வாளர் இரண்டாம் நிலைப் பதவிக்கோ, பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கி வெளியே வரலாம், நான்காம் ஆண்டும் படித்தால் ஹானர்ஸ். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், ஒன்று; மைனர் என்னும் துணைப்பாடங்கள் நம் விருப்பம். மைனராக எடுக்கும் புள்ளியியல் சில பருவங்களோடு முடிந்துவிட்டால் அந்தக் கடைசிப் பதவிக்குப் பயன்படாது. அதனால் துறைத் தலைவரை நேரில் பார்த்து, ஆறு பருவங்களிலும் புள்ளியியல் தாள் வருமாறு எடுக்க முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஒரு பதவியை மறந்துவிடலாம். மற்றவை இருக்கவே இருக்கின்றன.

இன்னொரு மைனராக கணினி நிரல் எழுதும் பாடம் கிடைத்தால் விடவேண்டாம். கோவையில் மூன்று மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக்குகிறோம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைத் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட வைத்துக்கொள்ளுங்கள். முறையாகப் படிக்க ஆசையிருந்தால் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. வகுப்புகள் இணையத்தில், தேர்வுகள் மட்டும் நேரில். அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் என்று படிகள் உண்டு. இடையில் நின்றாலும் முடித்த படிக்குரிய சான்றிதழ் கைக்கு வரும். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் அனுமதி கொடுத்துவிட்டதால் கல்லூரியை விட வேண்டியதில்லை. சுமை அதிகம்தான். முதல் ஆண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இனி நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர், கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கே போய் வருகிறோம், வீட்டில் பேசுவது தமிழ், மகள் பத்தாம் வகுப்பு வரை படித்ததும் தமிழ் வழியில். இருந்தாலும் சான்றிதழ்கள் அத்தனையும் கேரளத்தினுடையவை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் சாதி இட ஒதுக்கீடு அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்குத்தான். அவள் எழுதினால் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அங்கே தரும் 20 சதவீத முன்னுரிமையும் பட்டதாரிப் பதவிகளுக்குக் கிடைக்காது. அதற்குப் பட்டப்படிப்பையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும், இவள் கல்லூரியில் படிப்பது ஆங்கிலத்தில். "தமிழ்நாட்டில் நமக்குத் தமிழ் கைகொடுக்கும்" என்று உங்கள் மைத்துனர் சொன்னது பாதி உண்மை.

உண்மையான மறுபாதி வங்கித் தேர்வில் இருக்கிறது. அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வில் (2025 முதல் அந்தப் பதவிக்குப் பெயர் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்) ஒரு மாநிலத்தை நாமே தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். அந்த மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்குத் தமிழ் தாய்மொழி, மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஆண்டு எந்தப் பக்கம் காலியிடம் அதிகமோ அந்தப் பக்கம் எழுதலாம். கோவையிலோ திருச்சூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வசதி எளிதில் வாய்க்காது. அதோடு இது மத்தியப் பட்டியலின்படி நடக்கும் தேர்வு. உங்கள் சமூகம் கேரளத்துக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருந்தால் இங்கே வாங்கிய சான்றிதழே செல்லும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சித்தூர் தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆசிரியர் வேலையைப் பற்றி. பெண் பிள்ளைக்கு பி.எட். தான் பாதுகாப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். கரும்பலகை முன்னால் நிற்க அவளுக்கு ஆசை இருந்தால் பி.எட். நல்ல வழி. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிப் பெட்டியில் வைப்பதானால் இரண்டு வருடம் வீண். ஆசை இருக்கிறது என்றால், நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது: கேரள அரசுப் பள்ளிகளில் தமிழ் வழிக் கணித ஆசிரியர் பணியிடம். பாலக்காடு, இடுக்கி போன்ற இடங்களில்தான் இந்தப் பணியிடங்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. ஆனால் தமிழிலேயே கணிதம் நடத்தத் தெரிந்து, பி.எட்.டும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் உயர்நிலைப் பள்ளிக்கான மூன்றாம் பிரிவுத் தேர்ச்சியும் வைத்திருப்பவர்களும் அதிகம் இல்லை. பி.எட். படிப்பைக் கோவையில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது கேரளப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேரளத்தில் தேவைப்படுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். சேர்ந்து முடித்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மேற்படிப்பு என்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு. கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்கு ஒரு தாள். இதை எழுதித்தான் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேருவார்கள்; 2015இல் தொடங்கி, இப்போது நம் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி.யும் அதில் அடங்கும். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எம்.ஸ்டாட் என்னும் புள்ளியியல் முதுகலைப் படிப்புக்குத் தனியாகத் தேர்வு வைக்கிறது. உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே இடம் கிடைத்தால் படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. எம்.சி.ஏ. பக்கம் மனம் போனால் அதற்கான நிம்செட் நுழைவுத் தேர்வை எழுதி என்.ஐ.டி.க்குப் போகலாம், பட்டத்தில் கணிதம் படித்தவர்களுக்கு அந்தத் தேர்வு பழகிய களம். ஆராய்ச்சியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அதற்கு வேறு மாதிரியான பிடிவாதம் வேண்டும், அது அவளிடம் இருக்கிறதா என்று மூன்றாம் ஆண்டில் தெரியும்.

ஆக்சுவரி என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக, யார் எப்போது எவ்வளவு இழப்பீடு கேட்பார்கள் என்று கணக்குப் போடும் வேலை. நல்ல சம்பளம். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதி உறுப்பினராகி, பிறகு தாள் தாளாகத் தேறிக்கொண்டே போக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் எழுதுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தாளுக்கும் பணம் கட்ட வேண்டும், வேலையும் பெரும்பாலும் மும்பை, பெங்களூரு, சென்னையில்தான். நிகழ்தகவு பிடித்த பிள்ளைக்கு இது பொருந்தும், ஆனால் உங்கள் கை இப்போது தாங்காது. வேலையில் சேர்ந்த பிறகு அவள் சொந்தக் காசில் தொடங்கட்டும்.

இன்ஜினியரிங் சேர்க்காமல் விட்டோமே என்ற கவலையை விடுங்கள். டி.சி.எஸ்., விப்ரோ போன்ற பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. விப்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கும் திட்டமும் உண்டு. தொடக்கச் சம்பளம் இன்ஜினியரிங் முடித்தவர்களைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் கடன் இருக்காது.

மைனர் பாடத் தேர்வுப் படிவத்தில் அடுத்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று மகள் சொன்னாள். நிரப்பாமல் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். வரும்போது உங்கள் சாதிச் சான்றிதழின் நகல் ஒன்றும், அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் எடுத்து வாருங்கள். கணிதத்தில் 60 சதவீதம் தாண்டியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். அன்று கேட்க மறந்துவிட்டேன். மின்கட்டண ரசீதைப் பார்த்ததில் எனக்கு எல்லாம் மறந்துபோனது.