ரவுட்டரின் மூல நிரலை நிறுவனம் ஏன் தர வேண்டும்? அது வேலைக்கு எப்படி உதவும்?

பெரும்பாலான வைஃபை ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அது திறந்த மூல மென்பொருள்: அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் உரிமம், ஜிபிஎல் 2, ஒரு நிபந்தனை வைக்கிறது. அதைக் கருவியில் வைத்து விற்பவர், செய்த மாற்றங்கள் உட்பட மூல நிரலையும் தர வேண்டும். அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கித் தயிர் தோய்த்தவர், தன்னிடம் உறை கேட்பவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது அல்லவா, அதுபோல.

2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்க, நிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004இல் முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி, ரவுட்டரில் நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாக நிறுவக்கூடிய திறந்த மூல மென்பொருள். நிறுவனம் கைவிட்ட பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கும் இதனால் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பது பெரிய விஷயம்.

அதை நிறுவும் முன் ரவுட்டரின் அடிப்புற லேபிளில் மாடலோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். அதே டபிள்யூஆர்டி54ஜியின் 4ஆம் பதிப்பில் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி, 5ஆம் பதிப்பில் வெறும் 2 எம்பி. பொருந்தாத கோப்பை ஏற்றினால் ரவுட்டர் பூட் ஆகாமல் போகலாம்.

எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) வேலை தேடுபவர்கள் இதில் கிராஸ் கம்பைல் (ஒரு கணினியில் வேறு வகைச் சிப்புக்கான நிரலை உருவாக்குவது), டிவைஸ் ட்ரீ (கருவியின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) இரண்டையும் செய்தே பழகலாம். நீங்கள் அனுப்பி, திட்டத்தில் ஏற்கப்பட்ட ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்), எவரும் திறந்து பார்க்கக்கூடிய சான்று.

திறந்த மூலம் என்றால் காசில்லாமல் தர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விலை வைத்து விற்க ஜிபிஎல் தாராளமாக அனுமதிக்கிறது.