எஸ்விஎன்-னிலிருந்து கிட்டுக்கு மாறினால் பழைய ஹிஸ்டரி போய்விடுமா?

கேள்வி: கோவையில் ஸ்பின்னிங் மில்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. 2009 முதல் எங்கள் நிரல் முழுவதும் ஆபீஸிலுள்ள சப்வெர்ஷன் (எஸ்விஎன், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) சர்வரில் இருக்கிறது. சுமார் 11,000 ரிவிஷன், அதாவது பதிவான மாற்றங்கள். இப்போது வாடிக்கையாளர் ஒருவர் ஒரு மாதத்துக்குள் அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கிட்டுக்கு மாறச் சொல்கிறார். மாற்றித் தர வந்த ஏஜென்சி, "பழைய ஹிஸ்டரி வராது, கடைசி வெர்ஷனை மட்டும் ஏற்றித் தருகிறோம்" என்றது. நாங்கள் வற்புறுத்தியதும், "ரிவிஷனுக்கு 15 ரூபாய் கொடுத்தால் பார்க்கலாம்" என்கிறது. என்ன செய்வது?

பதில்: ஹிஸ்டரி போகாது. எந்த வரியை யார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பது வரைக்கும் கொண்டுவரலாம். ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) திட்டம் 2020 ஜனவரியில் எஸ்விஎன்-னிலிருந்து கிட்டுக்கு மாறியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவிஷன், 1980-களின் இறுதியில் தொடங்கும் வரலாறு, எல்லாம் கூடவே வந்தது. உங்கள் 11,000 பெரிய சுமையே இல்லை.

இதற்கான கருவி 'கிட் எஸ்விஎன்' கிட் திட்டத்தின் ஒரு பகுதிதான், இலவசம். ஓடவிட்டால் ரிவிஷன்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக்கொள்ளும். சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினால் சீக்கிரம் முடியும். அப்படியிருக்க, ரிவிஷன் எண்ணிக்கையை வைத்து விலை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. உண்மையான உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அதில் முதலாவது பெயர்ப் பட்டியல். எஸ்விஎன்-னில் லாகின் பெயர் மட்டும்தான் இருக்கும். கிட்டுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு நிறுவனத்தின் பட்டியலில் 'ரவி', 'ரவி2', 'அட்மின்', 'டெம்ப்' என்று இருந்தது. 'டெம்ப்' என்ற ஒரே லாகினை நாலு வருஷத்தில் மூன்று பேர் பயன்படுத்தியிருந்தார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை யார் என்பது அங்கே வேலை பார்த்த பழைய ஆட்களுக்குத்தான் தெரியும், ஏஜென்சிக்குத் தெரியாது. பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் கருவி பாதியில் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பெயரைச் சேர்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்தது ரிவிஷன் எண். உங்கள் மில் புகார்ப் பதிவேட்டில் "4521-ல் சரிசெய்தது" என்று எழுதி வைத்திருப்பீர்கள். கிட்டில் அந்த எண் கிடையாது, 40 எழுத்து கொண்ட ஒரு நீளமான அடையாளம்தான். ஆனால் கிட் எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்) குறிப்பின் அடியிலும் பழைய சர்வர் முகவரியையும் ரிவிஷன் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று 'நோ மெட்டாடேட்டா' என்ற விருப்பத்தைப் போட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் பதிவேட்டுக்கும் நிரலுக்கும் இருக்கும் ஒரே தொடர்பு அறுந்துபோகும். ஒரு சூழ்நிலையில் மட்டும் யோசிக்க வேண்டும். இந்த ரெப்போவை (நிரலும் ஹிஸ்டரியும் சேர்ந்த களஞ்சியம்) வாடிக்கையாளரிடமே ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், அந்த வரியில் உங்கள் ஆபீஸ் சர்வரின் உள் முகவரி வெளியே தெரியும். அப்போதும் வரியையே நீக்க வேண்டாம். 'ரீரைட் ரூட்' என்ற வசதி இருக்கிறது. முகவரிக்குப் பதில் நீங்கள் கொடுக்கும் வேறொரு முகவரியைப் போட்டுவிடும், எண் அப்படியே நிற்கும். ஆனால் இதை முதலிலேயே சொல்லி ஓட்ட வேண்டும்.

சரி, ஹிஸ்டரி வராது என்று ஏன் சொல்கிறார்கள்? என் அனுபவத்தில் பெரும்பாலும் பெரிய ஃபைல்தான் காரணம். என்றோ ஒருநாள் யாரோ டேட்டாபேஸ் பேக்கப்பை உள்ளே போட்டிருப்பார், அடுத்த நாளே அழித்தும் இருப்பார். ஹிஸ்டரியில் அது உட்கார்ந்திருக்கும். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பி-க்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, ஏற்றும்போது தடுத்துவிடும். அங்கே சிக்கியவர்கள், ஹிஸ்டரியை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு "முடியாது" என்கிறார்கள். 'கிட் ஃபில்டர் ரெப்போ' என்ற கருவியைக் கொண்டு அந்த ஒரு ஃபைலை மட்டும் நீக்கலாம். ஊழியர்கள் புது ரெப்போவில் வேலை தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். இதேபோல் பழைய கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைலில் இருந்த பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். கிட்டில் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு ஹிஸ்டரியும் இறங்கும், எனவே அந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிடுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கிட்ஹப் போன்ற தளத்தில் கணக்கு யார் பெயரில் திறக்கப்படுகிறது என்பது. "எல்லாம் நாங்களே செட் பண்ணித் தருகிறோம் சார்" என்று ஏஜென்சி தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஏஜென்சி கடையை மூடிவிட்டது. தன் நிரல் இருந்த கணக்கில் ஓர் ஊழியரைச் சேர்க்கக்கூட அவரால் முடியவில்லை. கணக்கை நீங்களே நிறுவனத்தின் மின்னஞ்சலில் திறந்து, ஏஜென்சிக்கு வேலை முடியும் வரை மட்டும் அனுமதி கொடுங்கள்.

வாடிக்கையாளர்களின் ஆடிட் படிவத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. "கிட் பயன்படுத்துகிறீர்களா, ஆம்/இல்லை" என்று ஒரு கட்டம். ஹிஸ்டரி முழுசாக வந்ததா என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு மாதக் கெடுவையும் போட்டுவிட்டால் யாராக இருந்தாலும் கடைசி வெர்ஷனை ஏற்றி டிக் அடித்துவிடத்தான் பார்ப்பார்கள்.

ஒரு மாதம் உங்களுக்குப் போதும். எஸ்விஎன் சர்வரை முதலில் முழுசாக நகல் எடுங்கள், அந்த நகலில் ஒரு ஒத்திகை பாருங்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பழைய சர்வரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு நிஜமான மாற்றத்தைச் செய்யுங்கள். பழைய சர்வரை அழிக்க வேண்டாம்.

ஏஜென்சியைத்தான் வைத்துக்கொள்வீர்கள் என்றால், "எங்கள் ட்ரங்க், பிராஞ்ச், டேக் ஃபோல்டர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள் (முதன்மை நிரல், கிளைகள், வெளியீட்டு அடையாளங்கள் இருக்கும் ஃபோல்டர்கள் இவை). பார்க்காமலே விலை சொல்லியிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வேலை முடிந்ததும், 2011-ல் வந்த ஒரு பழைய புகாரை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுங்கள். அதற்காக மாற்றிய, அதன்பின் யாரும் தொடாத ஒரு வரியை 'கிட் பிளேம்' (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஊழியரின் பெயரும் 2011 தேதியும் திரையில் வந்த பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.