போட்டோவுக்கு ஏதுங்க குரல்?

வணக்கம் ஐயா,

நேற்று போனில் நீங்கள் பேசியதில் பாதி தறிச் சத்தத்தில் போய்விட்டது. ஆனாலும் இரண்டு விஷயம் தெளிவாகக் கேட்டது. ஒன்று, "பாப்பா கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகமாட்டேங்குதுங்க சார்." இன்னொன்று, "போட்டோவுக்கு ஏதுங்க குரல்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். அதனால்தான் போனில் முடிக்காமல் எழுதுகிறேன்.

மகள் போக ஆசைப்படுகிற புகைப்பட முகாமைப் பற்றி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். எட்டு நாள் பயிற்சி முகாம், தங்குமிடம் சாப்பாட்டோடு 38,000 ரூபாய். 'உங்கள் தனிக்குரலைக் கண்டடையுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விசைத்தறி ஓட்டிக் காசு பார்க்கிற மனிதருக்கு இதைப் படித்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? எனக்கே வந்தது.

சரி, மகளின் படங்களுக்கு வருவோம். போன வாரம் அவளிடம் கேட்டு வாங்கினேன். அறுபது அனுப்பினாள். அதில் நாற்பது, காவிரிப் பாலத்தில் சூரியன் மறைவது, பூவின் மேல் பனித்துளி, பக்கத்து வீட்டுக் குழந்தை கறுப்பு வெள்ளையில். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யார் எடுத்தது என்று கேட்டால் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். மிச்சம் இருபது உங்கள் தறிப்பட்டறையில் எடுத்தவை. அவற்றை அவள் தயங்கித் தயங்கித்தான் அனுப்பினாள். "சும்மா எடுத்தது சார்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

அந்த இருபதை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒருவர் இன்னொருவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி படிந்த ஒரு பெண், தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) போடும் பையனின் காதை ஒட்டி வாய் வைத்திருக்கிறார். இன்னொன்றில் நீங்கள், மேஸ்திரி உங்கள் காதில் சொல்கிறார், உங்கள் கண் மட்டும் அறுந்த பாவு நூலில் இருக்கிறது. இது தெரிந்துதான் எடுத்தாயா என்று அவளைக் கேட்டேன். "அப்படியா சார்? தறி ஓடும்போது அப்படித்தானே பேசுவோம்" என்றாள்.

ஐயா, நோட்டீஸ்காரர்கள் குரல் என்று சொல்வது இதைத்தான். அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்த ஒருத்திக்குத்தான் பேச்சு என்பது காதோடு காதாக நடக்கிற காரியம். வெளியூரிலிருந்து வருகிறவன் தறியை எடுப்பான், நூலின் நிறத்தை எடுப்பான். காதுகள் அவன் கண்ணில் படாது. உங்கள் மகளுக்கு அது கண்ணில் படுகிறது, ஆனால் படுகிறது என்பது அவளுக்கே இன்னும் தெரியவில்லை. ஒழுங்கான முகாம் ஒன்று செய்யக்கூடியது அதிகபட்சம் இவ்வளவுதான்: அவள் எடுத்ததிலேயே எது அவளுடையது என்று காட்டிக்கொடுப்பது. இல்லாததை யாராலும் எட்டு நாளில் ஊற்றி நிரப்ப முடியாது.

அது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மிசௌரி போட்டோ வொர்க்‌ஷாப் என்று ஒன்று 1949இலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த மாநிலத்தில் ஒரு சின்ன ஊரைப் பிடித்து ஒரு வாரம் முகாம் போடுவார்கள். போனதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஊருக்குள் அலைந்து, ஆட்களோடு பேசி, என்ன கதை எடுக்கப்போகிறோம் என்று ஆசிரியர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த பிறகும் வாரம் முழுவதற்கும் நானூறு படம்தான் எடுக்கலாம், எடுத்ததை அழிக்கவும் கூடாது. உங்கள் மகள் அரை மணி நேரத்தில் இருநூறு எடுக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள். நானூறுதான் என்று கணக்கு வைத்துவிட்டால் ஒவ்வொரு முறை அழுத்துவதற்கு முன்பும் 'இது எதற்கு' என்ற கேள்வி வந்து நிற்கும்.

பாதி வேலை அங்கே முடிகிறது. எந்த நல்ல முகாமிலும் மறுபாதி ராத்திரியில். அன்றன்றைக்கு எடுத்ததை எல்லார் முன்னாலும் போட்டு ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக வைத்திருந்த படம்தான் முதலில் போகும். மூன்றாம் நாள் வாக்கில் பிள்ளைகள் அழுவார்கள். உங்கள் மகளும் போன் செய்து திரும்பி வந்துவிடுகிறேன் என்பாள். வரச் சொல்லாதீர்கள். ஐந்தாம் நாள் ஒரு பதினைந்து படம் மிஞ்சும், அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்ற சண்டை ஆரம்பிக்கும். அந்தச் சண்டையில் அவள் பேச ஆரம்பித்துவிட்டால் கட்டிய பணம் வீணில்லை.

இப்போது கசப்பான பக்கம். நம் ஊரில் 'வொர்க்‌ஷாப்' என்ற பெயரில் நடப்பதில் நிறைய, வெறும் சுற்றுலா. சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை நானே சிபாரிசு செய்து அப்படி ஒன்றுக்கு அனுப்பிவைத்தேன். விடியற்காலையில் கரையில் பதினைந்து பேரை வரிசையாக நிறுத்தி, காசு கொடுத்துக் கூட்டிவந்த மீனவரை வலை வீசச் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பத் திரும்ப வீசச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து பேர் மெமரி கார்டிலும் ஒரே படம். பையன் சந்தோஷமாகத்தான் வந்தான். எனக்குத்தான் அவன் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு.

அதனால் பணம் கட்டுமுன் நோட்டீஸில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பட்டறைக்கு வெளியே நின்று பேசுங்கள். சேர்வதற்கு முன் அவள் படங்களைக் கேட்பார்களா, இல்லை பணம் கட்டினால் போதுமா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பத்து பன்னிரண்டைத் தாண்டினால் ராத்திரி கழிக்கிற வேலை நடக்காது. எதை எடுப்பது என்று யார் முடிவு செய்வார்கள்? "நாங்களே மாடல் ஏற்பாடு செய்துவிடுவோம் சார்" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். பாடம் எடுப்பவர் வருடக்கணக்கில் ஒரே விஷயத்தை விடாமல் எடுத்திருக்கிறாரா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வாங்கிய பரிசுப் பட்டியலைவிட அது முக்கியம்.

பணம்தான் தடை என்றால், கம்போடியாவின் சியாம் ரீப்பில் அங்கோர் போட்டோ விழாவை ஒட்டி ஆசியாவின் இளம் படக்காரர்களுக்கு ஒரு முகாம் உண்டு. 2005இல் தொடங்கியது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, போக்குவரத்தும் தங்குமிடமும் நம் செலவு. படங்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருடமே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் விண்ணப்பத்துக்காகப் படங்களைப் பொறுக்குவதே ஒரு பயிற்சி. பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுத்துவையுங்கள்.

அப்புறம், "ரெண்டு லட்சத்துல கேமரா வாங்கிக் குடுத்துட்டா இதெல்லாம் வேண்டாம்னு சொல்லுமா சார்?" என்று கேட்டீர்களே, அது மட்டும் வேண்டாம். அந்தப் பதினொரு படமும் போனில் எடுத்தவை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் யாரோ பயன்படுத்திய ஒரு கேமரா, ஜூம் இல்லாத 35 எம்எம் லென்ஸ் ஒன்று போதும். ஜூம் இருந்தால் வாசலில் நின்றே எடுத்துவிடுவாள். இதில் ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றாக வேண்டும்.

சோற்றுக்கு வருகிறேன். தனிப் பார்வை இருக்கிறது என்பதற்காக மாதம் பிறந்தால் யாரும் சம்பளம் போடப்போவதில்லை. இந்தத் தொழிலில் காசு புழங்குவது கல்யாணத்தில். அதுவும் ஆடியிலும் மார்கழியிலும் கை சும்மா இருக்கும். உங்கள் பக்கத்தில் ஈரோடு, திருப்பூர் இருக்கிறது. துணிக்கடைக்கும் ஏற்றுமதி கம்பெனிக்கும் கேட்லாக் படம் எடுக்க ஆள் எப்போதும் தேவை. பத்திரிகையில் நிரந்தர வேலை குறைந்துவிட்டது. தொண்டு நிறுவனங்களின் களப்படங்கள், ஆவணப்படம் என்று வேறு வழிகள் இருக்கின்றன, வருமானம் ஒழுங்காக வராது. முதல் மூன்று நான்கு வருடம் ஒரு கையில் சோற்று வேலை, ஒரு கையில் சொந்த வேலை என்றுதான் ஓடும்.

இப்படி ஓடி யாராவது வந்திருக்கிறார்களா என்றால், மு. பழனிகுமார் என்ற புகைப்படக்காரரைப் பற்றி மகளிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர், மீன் விற்ற தாயின் பிள்ளை. உழைக்கிறவர்களைத்தான் படம் எடுக்கிறார், தன் அம்மாவின் உழைப்பையும் சேர்த்து. கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி'யில் வேலை. புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரிலான விருதை 'பாரி' 2022இல் முதன்முதலாகக் கொடுத்தபோது அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் தன் பார்வையைத் தேடி எங்கேயும் போகவில்லை, வீட்டு வாசலில் எடுத்துக்கொண்டார். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள் கேட்டதற்கும் ஒரு பதில்: நாடறிந்த புகைப்படக்காரர் ரகு ராய் படித்தது சிவில் இன்ஜினியரிங்.

கேம்பஸ் இன்டர்வியூவை அவள் தவிர்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அவளிடம் நேராகவே சொன்னேன். ஆஃபர் வந்தாலும் வேலையில் சேரச் சொல்லி அழைப்பு வர மாதக்கணக்கில் ஆவது உண்டு, முகாம் அந்த இடைவெளியில் முடிந்துவிடும். வேலைக்குப் போய் ஒரு வருடம் சம்பளத்தைச் சேர்த்துவைத்தால், பிறகு முறையாகப் படிக்கவும் வழி இருக்கிறது. குஜராத் காந்திநகரில் என்ஐடி (தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம்) வளாகத்தில் போட்டோகிராஃபி டிசைன் முதுநிலைப் படிப்பு உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஊட்டி லவ்டேலில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. அது விளம்பரம், வணிகப் படங்கள் பக்கம் போகிறவர்களுக்கு. உங்கள் மகளுக்கு முதலாவதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் முகாமுக்குப் போய் வந்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஆக, அனுப்புங்கள். விசாரித்துவிட்டு அனுப்புங்கள். ஒரு நிபந்தனை வையுங்கள்: போவதற்குள் பட்டறைக்குள் மட்டும் இன்னும் ஒரு மாதம் எடுக்கட்டும், பாலமும் சூரியனும் வேண்டாம். வெறும் கையோடு முகாமுக்குப் போனால் முதல் நான்கு நாள் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே போய்விடும்.

ஒரு விஷயம் அவளிடம் இன்னும் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன். அந்தப் படங்களில் இருப்பவர்கள் உங்களிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். முதலாளி மகள் கேமராவைத் தூக்கினால் 'வேண்டாம் பாப்பா' என்று சொல்ல அவர்களால் முடியுமா? நல்ல ஆசிரியர் முதல் நாளே இதைக் கேட்பார். அதற்கு முன் நாமே கேட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வரும்போது பதினொரு படத்தையும் போஸ்ட் கார்டு அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு செட் போடட்டும். ஒரு செட்டை சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்த பிறகு, தறி நின்றதும், அவரவர் படத்தை அவரவர் கையில் அவளே கொடுக்கட்டும். நீங்கள் அப்போது பட்டறையில் இருக்க வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குச் சொல்லட்டும்.