டொக்டர் படிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், அண்ணா

பேர்ணில் இருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். பள்ளியிறுதி எழுதப்போகும் மகள், பரோக் காலத்து, அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாட்டுத்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். லண்டன் மாமா தொடங்கி கனடா பெரியம்மா வரை, "டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிறியள்" என்று போனில் திட்டாம்.

பயம் விளங்குகிறது, அண்ணா. ஆனால் சுவிஸில் மருத்துவ இடம் என்ன, உங்களுக்காகப் பிடித்தா வைத்திருக்கிறார்கள்? ஜூலையில் நடக்கும் மருத்துவ நுழைவுத் தேர்வில், ஆசைப்பட்டு எழுதுகிற பிள்ளைகளிலேயே எத்தனையோ பேருக்கு இடம் கிடைப்பதில்லை. ஆசையே இல்லாதவளை எதற்கு உட்கார்த்துகிறீர்கள்?

ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கிற பாசலைப் பாருங்கள். 1933இல் பவுல் சாகர் தொடங்கிய ‘ஸ்கோலா கான்டோரும்’ என்ற இசைக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பழைய இசைக்கென்றே உலகெங்கும் இருந்து வந்து படிக்கிறார்கள். பழைய இசைப் பாடகர் ஆந்திரேயாஸ் ஷோல் படித்த இடம்.

அங்கே குரல் மட்டும் போதாது. பழைய இசைக்குறிப்புகளை வாசிக்கத் தெரிய வேண்டும். பியானோவுக்கு முந்திய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டை வாசிப்பவர், கீழ்ச்சுரத்தோடு எழுதியிருக்கும் எண்களைப் பார்த்து அந்த இடத்திலேயே சுரங்களைச் சேர்ப்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே பாட வேண்டும். பரோக் இசையமைப்பாளர் ஹாண்டலின் ஆரியாவில் (தனிக்குரல் பாட்டில்) முதல் பகுதி திரும்பி வரும்போது பாடுகிறவர் தாமாகவே அலங்காரம் போட வேண்டும். கர்நாடக இசையில் நிரவல் பழகிய பிள்ளைக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சுருதியும் பெரும்பாலும் இன்றைய வழக்கமான 440 இல்லை, 415 ஹெர்ட்ஸ். அரைச் சுரம் கீழே. குடல் நரம்பு வயலின்களுக்குச் சத்தம் குறைவு, அதனால் மண்டபம் அதிரும் குரல் தேவையில்லை. சொல் தெளிவும் வேகப் பிருகாவும்தான் வேண்டும்.

காசு விஷயம். மாதச் சம்பளம் அரிது, கச்சேரிக்குக் கச்சேரிதான் பணம். ஈஸ்டருக்கு முன்னும் டிசம்பரிலும் பரோக் இசையமைப்பாளர் பாக்கின் பாட்டுகளைப் பாட ஓடித் திரிவாள். மற்ற மாதங்களில் போன் வராது. ஆகவே மாஸ்டரில் இசை கற்பித்தலையும் சேர்த்துப் படிக்கட்டும். இசைப் பள்ளியில் பகுதிநேர வேலை கிடைத்தால் வாடகைக்கு ஆகும். வீட்டிலிருந்தே போய் வரட்டும், பாசலில் அறை வேண்டாம். கடன் எடுக்கவே கூடாது. இடம் கிடைக்கும் முன் கோடைக்கால வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் பிராங்க் கொட்டுவதும் வேண்டாம்.

இப்போது விட்டால் பிறகு வழியே இல்லை என்று மாமா சொல்வார். பாதையைப் பிறகும் மாற்றலாம். பழைய இசையில் பேர்பெற்ற ஆங்கிலப் பாடகி எம்மா கிர்க்பி ஆக்ஸ்போர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுத்தான் முழுநேரப் பாடகியானார்.

ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கு சுவிஸில் உள்ள ட்ரோகனுக்குப் போங்கள். சென்ட் காலன் பாக் அறக்கட்டளை 2006 முதல் அங்கே பாக்கின் கன்டாட்டாக்களை, அதாவது வாத்தியங்களோடு பாடும் தொடர்பாட்டுகளை, பாடி வருகிறது. ஒரே கன்டாட்டாவை இரண்டு தடவை பாடுவார்கள், நடுவில் ஓர் உரை. இரண்டாம் தடவையையும் அவள் குனிந்து நோட்டைப் பார்த்தபடி கேட்கிறாளா என்று கவனியுங்கள்.

மருத்துவத் தேர்வுக்கான பதிவு பெப்ரவரி நடுவில் முடியும். அவளைக் கேட்காமல் நீங்களாகப் பதிந்துவிடாதீர்கள்.