நவீன ஓவியத்தின் தாக்கம் இசைத்தாளிலேயே தெரியுமா?

தெரியும். நியூயார்க் இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1950-இல் தனி செல்லோவுக்கு (வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) எழுதிய 'புரொஜெக்‌ஷன் 1'-ஐப் பாருங்கள். மேற்கத்திய இசைத்தாளில் வழக்கமாக வரும் ஐந்து கோடுகளும் இல்லை, சுரங்களும் இல்லை, வெறும் கட்டங்கள். மேலிருந்து கீழாக மூன்று வரிசை: ஹார்மானிக் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி), தந்தியைச் சுண்டுவது, வில்லால் இழுப்பது. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் சதுரம் மேலே இருந்தால் உச்ச ஒலி, நடுவில் இருந்தால் மத்திமம், கீழே இருந்தால் தாழ்ந்த ஒலி. சதுரங்கள் அமரும் ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு தட்டு, நிமிடத்துக்குச் சுமார் 72 தட்டு வேகம். சதுரத்தின் அகலம்தான் ஒலியின் நீளம். எந்தச் சுரம் என்பது வாசிப்பவர் பொறுப்பு.

அரூப ஓவியர்களோடு நெருங்கிப் பழகியவர் ஃபெல்ட்மன். அவர்கள் வண்ணத்தை எதன் உருவமாகவும் இல்லாமல் வண்ணமாகவே வைத்ததைப் போல, இவர் ஒலியை மெட்டிலிருந்து கழற்றி வைத்தார். ஆனால் ஒரு சிக்கல்: சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்ததும் சிலர் கைப்பழக்கத்தில் இருந்த துணுக்குகளை நுழைத்துவிட்டார்கள். விடுதலை ஒலிக்குக் கிடைக்காமல் வாசிப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு அவர் இந்தக் கட்டமுறையையே கைவிட்டார்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4'33" (1952) இன்னும் நேரடி உதாரணம்: நான்கு நிமிடம் 33 விநாடி எதையும் வாசிக்காமலே இருக்கும் படைப்பு. ஓவியர் ராபர்ட் ராவ்ஷன்பெர்க்கின் வெறும் வெள்ளை ஓவியங்கள் (1951) கொடுத்த துணிச்சல் அது. வெள்ளைப் பரப்பில் நிழல் விழுவதைப் போல, 273 விநாடி மௌனத்தில் அரங்கின் இரைச்சல் விழுகிறது. முதல் நிகழ்ச்சியில் பியானோ கலைஞர் டேவிட் டியூடர் பியானோ மூடியை மூடித் திறந்துதான் மூன்று பகுதிகளையும் பிரித்துக் காட்டினார்.