வாசகர் கேள்வி – பதில்: சுடுதளமும் பாதுகாப்பும்

கேள்வி: புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே 2021 டிசம்பரில், துப்பாக்கிச் சுடுதளத்தில் பயிற்சி நடந்த வேளையில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்துபோனான். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்குமே, குண்டு எப்படி ஊருக்குள் வரும்?
– வாசகர், கீரனூர்

பதில்: எந்தச் சுடுதளத்திலும் குண்டு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மேட்டுக்கு மேலாகப் போவது. இலக்கு 100 மீட்டரில் இருக்கும்போது துப்பாக்கி முனை 1 டிகிரி உயர்ந்தாலே குண்டு 1.75 மீட்டர் மேலே போய்விடும். 3 டிகிரி என்றால் 5 மீட்டருக்கும் மேல். படுத்துச் சுட்டவர் விசையிலிருந்து விரலை எடுக்காமல் எழுந்தால் போதும். மேட்டைத் தாண்டிய 5.56 மி.மீ. ரைஃபிள் குண்டு சுமார் 3 கிலோமீட்டர் வரை போகக்கூடியது.

இரண்டாவது, தெறிப்பு. மேட்டில் கல் கிடந்தாலோ, ஒரே இடத்தில் பட்டுப் பட்டுப் பழைய குண்டுகள் திரண்டிருந்தாலோ, புதிய குண்டு மண்ணில் புதையாமல் திசைமாறி எழும்பும். மேட்டு மண்ணை அவ்வப்போது வெட்டி, சலித்து, கல்லையும் ஈயத்தையும் அகற்றிவிட்டு மீண்டும் கொட்ட வேண்டும். மழைக்குப் பிறகு மேடு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். மண்வெட்டி வேலைதானே என்று இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மேடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதற்குப் பின்னால், தப்பிய குண்டு விழக்கூடிய ஆபத்து எல்லை உண்டு. அதற்குள் புது வீடு வந்துவிட்டதா என்று ஆண்டுதோறும் நடந்தே பார்க்க வேண்டும். சுடும் நாளையும் நேரத்தையும் ஊருக்கு முன்கூட்டியே சொல்லி, சிவப்புக் கொடி ஏற்றி, எல்லையில் வயர்லெஸ்ஸோடு காவலர்களை நிறுத்த வேண்டும். தொடர்பு அறுந்தால் அந்த நொடியே சுடுவதை நிறுத்த வேண்டும். பாதுகாப்பு அதிகாரிக்கு அன்று வேறு வேலை தரக் கூடாது. மதிப்பெண் குறிக்கக் குனிந்தவர் கண்ணுக்குத் துப்பாக்கி முனை தெரியாது.

கேள்வி: மகள் என்.சி.சி. முகாமில் முதன்முறையாகச் சுடப் போகிறாள். என்ன சொல்லி அனுப்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: .22 ரைஃபிள், 25 மீட்டர், வழக்கமாக 5 தோட்டா. ஆணைகள் இந்தியில் வரும்: ‘பர்’ என்றால் நிரப்பு, ‘காலி கர்’ என்றால் காலி செய். பொருள் தெரிந்துகொண்டு போகட்டும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, சந்தேகம் கேட்கத் துப்பாக்கியோடு திரும்பிவிடுவது. முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்க, இடது கையைத் தூக்கினால் பயிற்றுநர் வருவார்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? விரலை எடுத்துவிட்டு, முனையை அசைக்காமல் 30 விநாடி காத்திருக்க வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். ‘பொத்’தென்று மெலிதாகச் சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். காலி செய்து, குழலைச் சோதித்த பிறகே அடுத்த தோட்டா.

காலி செய்யும்போது முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிய பெட்டி) கழற்ற வேண்டும், பிறகுதான் போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, வெளியே எடுக்கும் தாழ்) இழுக்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு தோட்டா வெளியே விழும், இன்னொன்று உள்ளே ஏறும். பார்ப்பவர் காலியென்றே நம்புவார்.

கேள்வி: சுட்ட பிறகு விழும் தோட்டாக்களின் வெற்று உறைகளை ஏன் எண்ணுகிறார்கள்?
– வாசகர், ஆவடி

பதில்: வெற்று உறை, வெடிக்காதது, திருப்பித் தந்தது மூன்றையும் கூட்டினால் கொடுத்த எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது யாரோ ஒருவர் சட்டைப்பையில் உயிருள்ள தோட்டாவாக இருக்கலாம். கணக்கு நேராகும்வரை ஒருவரும் தளத்தைவிட்டு நகரக் கூடாது.